நூறு கிராமுக்காக முந்தின நாளை அழிக்காதீர்கள்

உலக மல்யுத்தக் கூட்டமைப்பான யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங்கின் தலைவர் நெனாட் லாலோவிச் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன். அரசுப் பள்ளியில் 'பி.டி. சார்' என்ற பெயரிலேயே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மல்யுத்தம் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் நடக்கிற விளையாட்டு இல்லை. தேர்தல் வந்தால் 'கோதாவில் குதித்தார்' என்று எழுதுவோம், நோஞ்சானாக இருக்கிற பையனை 'என்ன பயில்வான்' என்று கூப்பிடுவோம். அதோடு சரி. கோதாவை நேரில் பார்த்தவர்களை எங்கள் தெருவில் விரல் விட்டு எண்ணிவிடலாம். இவன் எதற்கு நமக்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். எனக்கு மல்யுத்தம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் தராசு தெரியும். ஜூடோவுக்கும் கபடிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போய், எடை பார்க்கிற வரிசையில் வயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கவைத்தவன் நான். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் பற்றித்தான். 2024 ஆகஸ்ட் 7 காலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் உங்கள் தராசு 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் காட்டியது. அவர் தங்கப் பதக்கப் போட்டியில் மோத முடியாது என்று அறிவித்தீர்கள். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் முந்தின நாள் ஜெயித்த மூன்று போட்டிகளையும் சேர்த்து அழித்து, அவரைக் கடைசி இடத்தில் வைத்தீர்களே, அதை இன்றுவரை ஏற்க முடியவில்லை. நான் கேட்கப்போவது இந்த இரண்டாவதைப் பற்றி மட்டும்தான்.

அந்த ஆகஸ்ட் 6-ஆம் தேதி என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அழிக்கப்பட்டது எது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். முதல் சுற்றிலேயே எதிரில் ஜப்பானின் யுயி சுசாகி. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு புள்ளி கூடக் கொடுக்காமல் தங்கம் வாங்கியவர். சர்வதேசப் போட்டிகளில் 82 முறை மோதி ஒருமுறையும் தோற்காதவர். குலுக்கலைப் பார்த்ததும் எங்கள் ஊர் டீக்கடையில்கூட, 'சரி, முதல் ரவுண்டோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்' என்றார்கள். வினேஷ் தாக்கவே இல்லை. சுசாகியின் கையைப் பிடித்து, தள்ளி, விலகி, அந்தப் பெண்ணின் வேகம் தன் காலடிக்கு வராமல் பார்த்துக்கொண்டார். சும்மா நிற்கிறார் என்று நடுவர் இரண்டு முறை 30 விநாடிக் கணக்கு வைத்தார், இரண்டு முறையும் ஒவ்வொரு புள்ளி போனது. 0-2. பார்க்கிற நமக்கு எரிச்சல். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. கடைசிப் பத்து விநாடி வாக்கில் ஒரே ஒரு பாய்ச்சல், சுசாகி கீழே. 2-2. ஜப்பான் தரப்பு மறுபரிசீலனை கேட்டது, அது செல்லவில்லை, அதற்கு ஒரு புள்ளி. 3-2. ஐந்தரை நிமிடத்துக்கும் மேல் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு நொடியில் மீனைக் கொத்துகிற கொக்கு மாதிரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான் அந்த வீடியோவை இன்னும் போட்டுக் காட்டுகிறேன்.

அப்புறம் கால் இறுதியில் உக்ரைனின் ஒக்சானா லிவாச்சை 7-5 என்று வென்றார். அரை இறுதியில் கியூபாவின் யுஸ்னெய்லிஸ் குஸ்மானை 5-0. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண் ஆனார். அன்று காலை தராசில் அவர் எடை 49.9 கிலோ. அதாவது அந்த மூன்று போட்டிகளையும் உங்கள் விதிப்படி, உங்கள் தராசில் நின்று, தகுதியோடுதான் ஆடினார். ஊக்கமருந்து இல்லை, ஏமாற்று இல்லை.

சாயங்காலம் பார்த்தால் 52.7. நாள் முழுக்க மோதியவர் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும், தண்ணீர் குடித்தாக வேண்டும். காய்ந்து கிடந்த உடம்பு கொடுத்ததையெல்லாம் ஸ்பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது. ராத்திரி முழுக்க ட்ரெட்மில், நீராவி அறை, மறுபடி ட்ரெட்மில். உணவில்லை, தண்ணீரில்லை, தூக்கமில்லை. விடிகிற நேரத்தில் தலைமுடியை வெட்டினார்கள், உடையின் ஓரத்தைக் கத்தரித்தார்கள். செத்துப்போய்விடுவாரோ என்று பயந்துவிட்டேன் என்று அவருடைய ஹங்கேரியப் பயிற்சியாளர் வோலர் ஆகோஷ் பிறகு எழுதினார். காலையில் உங்கள் தராசு முதலில் 150 கிராம் அதிகம் காட்டியது. இரண்டாம் நாள் எடை பார்க்க நீங்கள் கொடுப்பது 15 நிமிடம். அதற்குள் இன்னொரு முறை ஏறி நின்றார். 100 கிராம். எங்கள் மளிகைக் கடையில் காப்பித்தூள் பொட்டலம் ஒன்று அந்த எடை.

நானும் இதையெல்லாம் செய்தவன் என்பதை மறைக்கப் போவதில்லை. பல வருடங்களுக்கு முன்னால் மாவட்ட ஜூடோ போட்டிக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூட்டிப்போனேன். 40 கிலோவுக்கு உட்பட்ட பிரிவு. முந்தின நாள் பள்ளித் தராசில் 41.3. மேல் பிரிவில் இறக்கினால் பெரிய பெரிய பிள்ளைகள் வருவார்கள், அடிபட்டுப் போவாள் என்று எனக்குக் கணக்கு. 'சாயங்காலத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாதே' என்றேன். விடிகாலையில் மழைக்கோட்டைப் போடவைத்து மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். பஸ்ஸில் வாயில் புளியை அடக்கிக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துப்பிக்கொண்டே வந்தாள். எச்சில் கூட எடைதானே. தராசில் 39.8 வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் பதக்கமே வாங்கிவிட்ட மாதிரி சிரித்தோம். ஆட்ட விரிப்பில் இறங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதிரில் நின்ற பெண் சட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள், இவள் துணி மாதிரி விழுந்தாள். வெளியே கடையில் மூன்று பன்னீர் சோடா வரிசையாகக் குடித்துவிட்டு, 'சார், கால்ல பலமே இல்ல சார்' என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை, சும்மா தகவலாகத்தான் சொன்னாள். அதற்கப்புறம் நான் எந்தப் பிள்ளையையும் எடை குறைக்கச் சொன்னதில்லை. இருக்கிற எடைக்கு எந்தப் பிரிவோ அதில் ஆடு, தோற்றால் தோற்றுக்கொள் என்பேன். பள்ளிக்கூட அளவில் அது முடியும். ஒலிம்பிக்கில் முடியாது. ஏன் முடியாது என்பதற்கு வினேஷின் கதையே போதும்.

அவருடைய வாழ்க்கையை வருடத்தால் சொல்வதைவிட கிலோவால் சொல்வது சுலபம். ஹரியானாவில் பலாலி என்ற கிராமம். ஒன்பது வயதில் அப்பா கொல்லப்பட்டார். பெரியப்பா மகாவீர் சிங் தன் பெண்களோடு சேர்த்து இவரையும் கோதாவில் இறக்கினார். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 48 கிலோவில் தங்கம், 19 வயது. 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் 48 கிலோ. கால் இறுதியில் சீனாவின் சுன் யானானோடு மோதும்போது முழங்கால் திரும்பி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். 2018-இல் நீங்கள் எடைப் பிரிவுகளை மாற்றினீர்கள், 48 போய் 50 வந்தது. அந்த 50-இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தங்கம், ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். ஆசிய விளையாட்டு மல்யுத்தத்தில் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். பிறகு 53. உலகச் சாம்பியன்ஷிப்பில் 2019-லும் 2022-லும் வெண்கலம், பர்மிங்காமில் மூன்றாவது காமன்வெல்த் தங்கம், எல்லாம் 53-இல். டோக்கியோவுக்குப் போகும்போது 53 கிலோவில் தரவரிசையில் முதலிடம். கால் இறுதியில் பெலாரஸின் வனேசா கலாட்ஜின்ஸ்கயாவிடம் தோற்றார்.

48-இலிருந்து 53-க்கு உடம்பு தன் வழியில் வளர்ந்து வந்திருக்கிறது, இல்லையா? முப்பது வயது நெருங்குகிறவரை மறுபடி 50-க்கு இறங்கவைத்தது எது?

2023 ஜனவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்துக்கு அவரும் சக மல்யுத்த வீரர்களான சாக்‌ஷி மாலிக்கும் பஜ்ரங் புனியாவும் உட்கார்ந்தார்கள். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் தொல்லைப் புகார். அவர் மறுத்தார், விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குள் நான் போகவில்லை. மே 28 அன்று தில்லிப் போலீஸ் இவர்களைத் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு போனதும், நீங்கள் கண்டித்து அறிக்கை விட்டீர்கள். தேர்தலை நேரத்துக்கு நடத்தவில்லை என்று அந்த ஆகஸ்டில் இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கமும் செய்தீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும், சொல்கிறேன். அதே ஆகஸ்டில் வினேஷுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் பெல்கிரேட் உலகச் சாம்பியன்ஷிப்பில் உங்கள் கொடியின் கீழ் ஆடிய அந்திம் பங்கால் 53 கிலோவில் வெண்கலம் வாங்கி, அந்தப் பிரிவின் ஒலிம்பிக் இடத்தை இந்தியாவுக்கு எடுத்துவந்தார். நல்ல வீராங்கனை, உழைத்து வாங்கிய இடம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வினேஷுக்கு மிச்சம் இருந்தது மேலே 57, கீழே 50. 2024 மார்ச்சில் பாட்டியாலா தேர்வுப் போட்டியில் ஒரே நாளில் 50-இலும் 53-இலும் இறங்கினார். 53-இல் தோற்றார், 50-இல் ஜெயித்தார். ஏப்ரலில் பிஷ்கெக்கில் 50 கிலோவில் ஒலிம்பிக் இடம் வாங்கினார்.

உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கு நீங்கள் பத்து எடைப் பிரிவு வைத்திருக்கிறீர்கள். ஒலிம்பிக்கில் ஆறுதான். 53-க்கு அப்புறம் நேரே 57, அதற்கப்புறம் 62, 68, 76. நடுவில் 55, 59, 65, 72 கிலோவில் இருக்கிற பெண்கள் என்ன செய்வார்கள்? கீழே இறங்குவார்கள். மேலே ஏறினால் தங்களைவிடப் பெரிய ஆளோடு மோதவேண்டும், அதனால் கீழேதான். ஆறு என்ற எண் உங்கள் கையில் மட்டும் இல்லை, ஒலிம்பிக் கமிட்டியும் சேர்ந்த விவகாரம் என்று தெரியும். ஆனால் பத்தை ஆறாகக் குறைத்துவிட்டு, 'ஏன் இவ்வளவு எடை குறைக்கிறாய்' என்று அந்தப் பெண்ணையே கேட்பது கொஞ்சம் அதிகம்.

சரி, எதிர்த் தரப்புக்கு வருகிறேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், மற்றவர்கள் எடைக்குள் நின்றார்களே என்பீர்கள். உண்மை. எடையைக் கட்டுக்குள் வைப்பது வீராங்கனையின் பொறுப்பு, அவருடைய குழுவின் பொறுப்பு. வினேஷுக்கே இது முதல் முறை இல்லை. 2016-இல் மங்கோலியாவில் நடந்த தகுதிப் போட்டியில் 48 கிலோவுக்கு 400 கிராம் கூடிப்போய் வெளியேற்றப்பட்டார். ஆகவே அவர் அப்பாவி, தராசுதான் வில்லன் என்று நான் எழுதவரவில்லை. எடைச் சலுகையும் கேட்கவில்லை. உலகக் கோப்பையிலும் வேறு சில போட்டிகளிலும் 2 கிலோ விட்டுக்கொடுக்கிறீர்கள். அதை ஒலிம்பிக்கிலும் கொடுங்கள் என்று எங்கள் நாட்டில் பலர் சொன்னார்கள். கொடுத்தால் என்ன ஆகும்? எல்லோரும் 52-ஐ இலக்கு வைத்து இறங்குவார்கள், அப்புறம் ஒருத்தி 52 கிலோ 100 கிராமில் நிற்பாள். கோட்டை நகர்த்துவதால் கோடு போய்விடாது.

நான் கேட்பது வேறு. இரண்டாம் நாள் தராசில் தோற்றவர் இரண்டாம் நாள் போட்டியைத்தானே இழக்கவேண்டும்? முதல் நாள் எதற்குப் போகிறது?

இதில் எனக்குத் தலை சுற்றிய இடம் ஒன்று உண்டு. உங்கள் விதிப்புத்தகத்தின் 11-ஆம் பிரிவைச் சொல்லி வினேஷைக் கடைசி இடத்தில் வைத்தீர்கள். அவர் மூன்று போட்டி ஜெயித்தது இல்லை என்றாகிவிட்டது. அவரிடம் அரை இறுதியில் 5-0 என்று தோற்ற குஸ்மானை இறுதிக்கு அனுப்பினீர்கள். அடுத்து, சுசாகியையும் லிவாச்சையும் வெண்கலப் பதக்கத்துக்கு மோதவிட்டீர்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அந்த வாய்ப்பு எப்படி வந்தது? இறுதிக்குப் போனவரிடம் தோற்றவர்களுக்குக் கொடுக்கிற மறுவாய்ப்பு, நீங்கள் ரெபசாஜ் என்பது. சுசாகி குஸ்மானிடம் தோற்கவில்லை. லிவாச்சும் குஸ்மானிடம் தோற்கவில்லை. இரண்டு பேரும் தோற்றது வினேஷிடம். அதாவது வினேஷ் இறுதிக்குப் போனார் என்பது உண்மையாக இருந்தால்தான் அந்த வெண்கலப் போட்டியே நடக்க முடியும். வெண்கலம் கொடுப்பதற்கு அவருடைய வெற்றிகள் இருந்தன, அவருக்கு வெள்ளி கொடுப்பதற்கு மட்டும் அவை இல்லை. கணக்கு வாத்தியாரிடம் இந்த விடையை எழுதிக் கொடுத்தால் பேப்பரைத் திருப்பி என் முகத்திலேயே போட்டிருப்பார்.

சுசாகியின் வெண்கலத்தைப் பிடுங்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மறுநாள் தராசில் ஒழுங்காக நின்று, மோதி, ஜெயித்து வாங்கினார். குஸ்மான் மீதும் வருத்தமில்லை. இறுதியில் அமெரிக்காவின் சாரா ஹில்டபிராண்ட்டிடம் 3-0 என்று தோற்று வெள்ளியோடு போனார், அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஹில்டபிராண்ட்டும் தங்கத்துக்கு முழுத் தகுதி உள்ளவர். இவர்களில் யாருடைய பதக்கத்தையும் தொடவேண்டாம். பாரிஸ் முடிந்துபோன கதை.

இன்னொன்று. முதல் நாள் போட்டியில் காயம்பட்டவர் மறுநாள் எடை பார்க்க வரவேண்டாம், அவர் அதுவரை வாங்கிய முடிவுகள் அப்படியே நிற்கும் என்று உங்கள் புத்தகத்திலேயே விலக்கு இருக்கிறது. நல்ல விலக்கு. ஆனால் அதை வினேஷின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை இறுதியில் அவருக்குக் காயம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் முந்தின நாள் முடிவுகள் அவர் பெயரிலேயே இருந்திருக்கும். ராத்திரி தூங்கி எழுந்திருக்கலாம். மோத வேண்டும் என்று விடிய விடிய ஓடியதற்குத்தான் கடைசி இடம். நாளைக்கு ஒரு பயிற்சியாளர் தன் பெண்ணிடம், 'எடை கூடும்போலிருந்தால் ஜெயித்த கையோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடு' என்று சொல்லிக்கொடுத்தால், அவரைத் திட்டுவதா, அந்த யோசனைக்கு இடம்கொடுத்த விதியைத் திட்டுவதா? நானாக இருந்தால் சொல்லிக்கொடுப்பேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியவில்லை.

வினேஷ் சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். ஆகஸ்ட் 14 அன்று மனு தள்ளுபடி ஆனது. எங்கள் பத்திரிகைகளில் 'தள்ளுபடி' என்ற ஒரு சொல்தான் பெரிதாக வந்தது. தீர்ப்பு எழுதிய அனபெல் பென்னட் அம்மையார் உள்ளே சொன்னதைப் படித்தவர்கள் கொஞ்சம்தான். விதி தெளிவாக இருக்கிறது, அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்றார். கூடவே, வீராங்கனை எந்த முறைகேடும் செய்யாதபோது இந்த விளைவு மிகக் கொடியது என்றும், எந்தச் சுற்றுக்குத் தகுதி இழந்தாரோ அந்தச் சுற்றோடு நிறுத்துவதுதான் நியாயமான தீர்வாகத் தெரிகிறது என்றும் எழுதினார். ஆகவே நான் கேட்பது ஏதோ ஓய்வுபெற்ற வாத்தியாரின் புலம்பல் இல்லை. உங்கள் பக்கம் தீர்ப்பு சொன்னவரே எழுதிவைத்துவிட்டுப் போனது. நீதிபதிக்கு விதியை மாற்றும் அதிகாரம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

இது ஓர் இந்தியப் பெண்ணுக்காக இந்தியர்கள் போடும் கூச்சல் என்றும் எடுத்துக்கொள்ளவேண்டாம். ஜப்பானின் ரெய் ஹிகுச்சி, ரியோவில் வெள்ளி வாங்கியவர், 2021-இல் டோக்கியோவுக்கான ஆசியத் தகுதிப் போட்டியில் 50 கிராம் கூடிப்போய் வெளியே போனார். சொந்த நாட்டு ஒலிம்பிக்கும் கைவிட்டுப் போனது. பாரிஸில் 57 கிலோவில் தங்கம் வாங்கியது அவர்தான். வினேஷுக்கு நடந்ததைக் கேட்டதும், உங்கள் வலி எனக்குத்தான் நன்றாகப் புரியும் என்று எழுதினார். அவரிடம் அரை இறுதியில் தோற்ற எங்கள் அமன் செராவத் அன்று மாலை 61.5 கிலோவில் இருந்தார். பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ இறக்கி, மறுநாள் வெண்கலம் வாங்கினார். நாங்கள் கைதட்டினோம். 4.6 கிலோ இறக்கியவன் வீரன், 100 கிராம் மிச்சம் வைத்தவள் பொறுப்பில்லாதவள் என்று பேசியவர்களும் உண்டு. அதே அமன் 2025 செப்டம்பரில் ஜாக்ரெப் உலகச் சாம்பியன்ஷிப்பில் 1.7 கிலோ கூடிப்போய்க் கோதாவில் இறங்காமலே திரும்பினார். அப்போது கைதட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

2018-க்கு முன்னால் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரே ஒருமுறை எடை பார்த்தீர்கள். அதை மாற்றி, ஆடுகிற நாள் காலையில், இரண்டு நாளும் எடை பார்க்கும் முறையைக் கொண்டுவந்தீர்கள். மறுநாளும் தராசு காத்திருக்கிறது என்று தெரிந்தால் யாரும் உடம்பைப் பிழியமாட்டார்கள் என்ற எண்ணம் தப்பில்லை. ஆனால் நடந்தது என்ன? ஒருமுறை பிழிந்தவர்கள் இப்போது இரண்டு முறை பிழிகிறார்கள். நடுவில் மூன்று போட்டி வேறு. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் 1997-இன் கடைசியில், சுமார் ஒரு மாதத்துக்குள் மூன்று இளைஞர்கள் எடை குறைக்கும்போது செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் அங்கே நீராவி அறையையும் ரப்பர் உடையையும் தடை செய்தார்கள். பருவம் தொடங்கும்போதே சிறுநீரைப் பரிசோதித்து, உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருக்கும் நிலையில் இந்த எடைக்குக் கீழே நீ போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை அப்படியே நகல் எடுக்கவேண்டும் என்றில்லை. காலையில் ஒரு சொட்டுச் சிறுநீர் சொல்வதைத் தராசு சொல்லாது என்பது மட்டும் உங்கள் மருத்துவக் குழுவுக்கும் தெரியாமலிருக்காது.

பெரிய சீர்திருத்தத்துக்கெல்லாம் காலம் பிடிக்கும், கமிட்டி போடுவீர்கள், அறிக்கை வரும். 11-ஆம் பிரிவில் ஒரு வாக்கியத்தை மாற்றுவதற்கு அவ்வளவு நாள் ஆகாது. இரண்டாம் நாள் எடையில் தவறியவர் அன்றைய போட்டியை இழப்பார், முதல் நாள் முடிவுகள் நிற்கும். அவ்வளவுதான் எழுதவேண்டும். எதிராளி போட்டியில்லாமலே ஜெயித்தவர் ஆகிறார். இறுதிப் போட்டியாக இருந்தால் ஒருவருக்குத் தங்கம், தவறியவருக்கு வெள்ளி. விரிப்பில் ஆட்டமில்லாமல் போகிறதே, தொலைக்காட்சிக்காரர்கள் கோபிப்பார்களே என்ற கவலை உங்களுக்கு இருக்கலாம். ஆடுவதற்கு யாராவது வேண்டும் என்பதற்காகத் தோற்றவரை இறுதிக்கு அனுப்புவதைவிட அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாரிஸுக்கு மறுநாளே, ஆகஸ்ட் 8 அன்று, இனி பலமில்லை என்று சொல்லி வினேஷ் ஓய்வை அறிவித்தார். இரண்டு மாதத்தில் ஜுலானா தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 2025-இல் குழந்தை பிறந்தது. அந்த டிசம்பரில் ஓய்வை விலக்கிக்கொண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் 2028-ஐப் பார்ப்பதாகச் சொன்னார். அப்போது அவருக்கு 33 வயது முடிகிற நேரம். எந்த எடையில் இறங்குவாரோ, தகுதி பெறுவாரோ மாட்டாரோ, அது அவர் பாடு. அவர் வராவிட்டாலும் அவரைப் போல யாரோ ஒருத்தி 2028-இல் அரை இறுதியை ஜெயித்துவிட்டு ராத்திரி ட்ரெட்மில்லில் ஏறத்தான் போகிறாள். அதற்குள் அந்த வாக்கியம் மாறியிருக்கவேண்டும்.

பதில் போடுவதாக இருந்தால் ஆங்கிலத்திலேயே போடுங்கள், என் மருமகன் படித்துச் சொல்வார். 40 கிலோவுக்குப் புளியைத் துப்பிக்கொண்டு வந்தாளே, அவளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை, நான்காம் வகுப்பு. ஜூடோவில் சேர்க்கலாமா சார் என்று போன மாதம் போனில் கேட்டாள். சேர் என்றேன். எடை பார்க்கிற நாளில் நானும் கூட வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்